கலகக்காரர் என்னும் பெயர்: காரைக்கால் வரலாறு தரும் ஒரு பாடம்

ஆண்டவராகிய இயேசுவைப் பிலாத்துவின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் கூறிய குற்றச்சாட்டை லூக்கா தம் நற்செய்தியின் 23ஆம் அதிகாரத் தொடக்கத்தில் குறித்துவைத்திருக்கிறார். ஆலோசனைச் சங்கத்தில் தேவதூஷணமாகப் பேசப்பட்டது, ஆளுநரின் முன்னிலைக்கு வந்தவுடன் அரசியற் குற்றமாக உருமாறிவிட்டது. மக்களைக் கலகத்திற்குத் தூண்டுகிறார், இராயனுக்கு வரி செலுத்துவதைத் தடுக்கிறார், தம்மையே அரசர் என்று கூறிக்கொள்கிறார் என்னும் மூன்று குற்றங்கள் அங்கு அடுக்கப்பட்டன. அதே அதிகாரத்தில் பரபாஸ் என்னும் வேறொருவனும் வருகிறான். நகரத்தில் நடந்த கலகத்திலும் கொலையிலும் மெய்யாகவே பங்குகொண்டவன் அவன். முடிவில் விடுதலை பெற்றவனும் அவனே. ஒரே பெயரால் சுட்டப்பட்ட இருவருள் எவர் கலகக்காரர் என்பதை அன்றைய ஆளுநர் அறிந்திருந்தார். அறிந்தும் அதற்கேற்ப நடக்கவில்லை.

இப்பகுதியை நாம் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் வாசிக்கிறோம். ஆயினும் நம் சொந்த மண்ணின் வரலாற்றை வாசிக்கும்போது, இப்பகுதி கற்பிக்கும் எச்சரிக்கையை மறந்துவிடுகிறோம். ஓர் அரசாங்கம் எவரைக் கலகக்காரர் என்று எழுதிவைத்ததோ அவரைக் கலகக்காரராகவும், பின்வந்த அரசாங்கம் எவரைத் தியாகி என்று எழுதிவைத்ததோ அவரைத் தியாகியாகவும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளுகிறோம். இப்பழக்கம் வரலாற்று மாணவனுக்கும் தீங்கு; ஆயருக்கு அதனினும் பெருந்தீங்கு. இதனை விளக்குவதற்குக் காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்த காரைக்காலைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை. ஏனெனில் அங்கே ஒரே மனிதர் எல்லைக்கு இப்புறம் தேசபக்தராகவும் அப்புறம் குண்டராகவும் அழைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது.

1. தரங்கம்பாடிக்கு அருகில் ஒரு பிரெஞ்சு ஊர்

காரைக்காலுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடி உள்ளது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சாவும் கரையிறங்கிய ஊர் அது. நம் சபைகளின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது நமக்கு வழக்கம். அவ்வரலாற்றின் முதற்பக்கங்களிலேயே அரசாங்கக் குற்றச்சாட்டு ஒன்று இடம்பெற்றிருப்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. டேனியக் கோட்டையின் தலைவராயிருந்த ஹாசியஸ், 1708 நவம்பரில் சீகன்பால்கைச் சிறையிலடைத்து ஏறத்தாழ நான்கு மாதங்கள் வைத்திருந்தார். ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்கு திரும்பத்திரும்பப் பரிந்து பேசியதே உடனடிக் காரணம். ஆனால் ஹாசியஸின் உள்ளத்தில் இருந்த அச்சம் அதனினும் பெரிது. இம்மனிதர் உள்ளூர் மக்களைத் தம்பக்கம் சேர்த்துக் கலகத்திற்கு வழிசெய்கிறார் என்றே அவர் கருதினார். தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் அருட்பணியாளர், கிறிஸ்தவ அரசரின் கொடியின்கீழ், கிறிஸ்தவ அதிகாரி ஒருவரால் கலகக்காரராக எண்ணப்பட்டார் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

தரங்கம்பாடிக்கு அருகிலிருந்த காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. புதுச்சேரியில் துய்மா ஆளுநராயிருந்த காலம் அது. தஞ்சை மராட்டிய அரசில் எழுந்த வாரிசுப் பூசலைப் பயன்படுத்திப் பெறப்பட்ட அவ்வூர், பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் பலமுறை மாறி, இறுதியாக 1817இல் பிரெஞ்சு ஆட்சிக்குத் திரும்பியது. அரசலாறு பாயும் நெல்வயல்கள், திருநள்ளாற்றுக் கோயில், மஸ்தான் சாகிபு தர்கா, தூய தேவதைகளின் மாதா ஆலயம் ஆகியவற்றைக் கொண்ட இச்சிறு நிலப்பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் அளவினது. மூன்று பக்கமும் தஞ்சாவூர் மாவட்டம். நான்காம் பக்கம் கடல். புதுச்சேரியோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மொழியும் உறவும் வயலும் வாய்க்காலும் ஒன்றாயிருக்க, சட்டமும் காவலும் நாணயமும் மட்டும் வேறாயிருந்தன.

2. எல்லைக்கோடு செய்த வேலை

எல்லைக்கோடு ஒன்று அமைந்துவிட்டால், அதன் இருபுறமும் கலகக்காரர் என்னும் சொல்லுக்கு வெவ்வேறு பொருள் உண்டாகிவிடுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்கள் பிரெஞ்சு எல்லைக்குள் புகலிடம் தேடினர். 1908இல் சுப்பிரமணிய பாரதியும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொலையுண்டபின், புதுச்சேரியில் தங்கியிருந்த தேசபக்தர்கள்மீது ஆங்கில அரசின் சந்தேகம் முழுவதும் விழுந்தது. பிரெஞ்சு அரசும் அயலாரைப் பதிவுசெய்யும் விதிகளைக் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பிரமுகர் ஐவர் நற்சான்று வழங்கினாலன்றி அவர்கள் அங்கே தங்குதல் இயலாது என்றாயிற்று. நற்சான்று வழங்க முன்வந்தவர்கள் இருந்தமையால்தான் பாரதி பத்தாண்டுகள் அங்கே வாழ முடிந்தது. 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து வந்தவுடன் அவர் கடலூரில் கைதுசெய்யப்பட்டார்.

எரேமியாவின் நூல் 37ஆம் அதிகாரத்தில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தீர்க்கதரிசி பென்யமீன் நாட்டிலுள்ள தம் குடும்பப் பங்கைக் குறித்து எருசலேமைவிட்டுப் புறப்படுகிறார். நகர வாயிலில் காவல் தலைவன் அவரைப் பிடித்து, பகைவராகிய கல்தேயரோடு சேரப் போகிறார் என்று குற்றஞ்சாட்டுகிறான். தீர்க்கதரிசி மறுத்தும் அவன் செவிசாய்க்கவில்லை. அடியும் சிறையும் தொடர்ந்தன. முற்றுகையிடப்பட்ட நகரத்தின் வாயிலில் நிற்கும் காவலனுக்கு, வெளியே செல்லும் எவரும் துரோகியாகவே தோன்றுவர். காரைக்காலின் எல்லைச் சாவடிகளிலும் பிற்காலத்தில் இதுவே நிகழ்ந்தது.

3. 1936 முதல் 1954 வரை

பிரெஞ்சிந்தியாவில் ஆட்சிக்கு எதிரான மக்கள் இயக்கம் ஆலைத் தொழிலாளரிடையே வலுப்பெற்றது. 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் அரிஜன நலப் பயணத்தின்போது காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் வந்துசென்றார். அதே ஆண்டில் வ. சுப்பையா 'சுதந்திரம்' என்னும் இதழைத் தொடங்கினார். 1936 ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 12 பேர் மாண்டனர். கலகத்தை அடக்குதல் என்பதே அரசின் விளக்கம். ஆனால் அவர்கள் கேட்டவை சங்கம் அமைக்கும் உரிமையும் வேலை நேர வரம்புமே. 1937 ஏப்ரலில் வெளியான தொழிலாளர் சட்டம் அக்கோரிக்கைகளுட் பலவற்றை ஏற்றுக்கொண்டது. ஜூலையில் சுடத்தக்க கலகமாயிருந்தது, அடுத்த ஏப்ரலில் சட்டத்தின் வாசகமாயிற்று. கோரிக்கை மாறவில்லை, பாரிசில் இடதுசாரிக் கூட்டணி ஆட்சி அமைந்திருந்தது. ஒரு குற்றச்சாட்டின் ஆயுட்காலம் எத்தனை குறுகியது என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காரைக்காலில் தேசிய காங்கிரஸ் 1947 ஜனவரி 31ஆம் நாள் லியோன் செயின்ட் ஜான் என்பவரின் இல்லத்தில் தொடங்கப்பெற்றது. கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஒருவரின் வீட்டில் இணைப்பு இயக்கம் உருப்பெற்றது என்பது கருதத்தக்கது. பிரெஞ்சுப் பகுதிக் கிறிஸ்தவர் யாவரும் பிரெஞ்சு ஆட்சியின் ஆதரவாளர் என்னும் பொதுக் குற்றச்சாட்டு இந்தியப் பகுதியில் பரவலாக இருந்தது. ஒரு சமூகத்தின்மீது மொத்தமாகச் சாட்டப்படும் குற்றம் ஒரேயொரு வீட்டின் கதவைத் திறந்து பார்த்தாலே உடைந்துபோவதை நாம் இங்குக் காண்கிறோம்.

1948 ஜூன் மாதத்தில் பிரெஞ்சு அரசும் இந்திய அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தங்கள் எதிர்காலத்தை மக்களே வாக்களித்துத் தீர்மானிப்பர் என்றும், அவ்வாக்கெடுப்பின் முறையை நகராட்சி மன்றங்கள் வகுக்கும் என்றும் அதன்படி முடிவாயிற்று. 1948 அக்டோபரில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் ஆகிய பகுதிகளில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி வென்றது. எதிர்த்தரப்பினர் அத்தேர்தலில் மிரட்டலும் முறைகேடும் நிகழ்ந்தன என்றனர். அதே மாதத்தில் மாகேயில் எழுந்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படை அடக்கியது. 1949 ஜூன் 19ஆம் நாள் சந்திரநாகூரில் மட்டும் வாக்கெடுப்பு நடைபெற்று, 7,473 பேர் இந்தியாவுடன் இணையவும் 114 பேர் பிரான்சுடன் நீடிக்கவும் வாக்களித்தனர்.

இதன்பின் குற்றச்சாட்டுகளின் காலம் தொடங்கியது. இணைப்புக் கோரியவர்களை வெளியாரின் கைக்கூலிகள் என்றும், அமைதியைக் குலைப்பவர்கள் என்றும் பிரெஞ்சுத் தரப்பு கூறியது. பிரெஞ்சுப் பகுதிகளில் குண்டர் ஆட்சி நடைபெறுகிறது என்று இந்திய அரசும் செய்தித்தாள்களும் கூறின. இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இணைப்பு இயக்கத்தார் இந்திய எல்லைக்குள் தங்கி, அங்கிருந்து உதவி பெற்றது மெய். எதிர்ப்பாளரின் வீடுகள் தாக்கப்பட்டதும் மெய். 1950 ஜனவரியில் சுப்பையாவின் புதுச்சேரி இல்லம் எரிக்கப்பட்டது. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் வாயிலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் 1951இல் வந்து பார்த்து, அச்சமின்றி வாக்களிக்கும் சூழ்நிலை அங்கில்லை என்று அறிக்கை தந்தனர். 1952 அக்டோபரில் இந்திய அரசு வாக்கெடுப்பு யோசனையையே கைவிட்டது.

இவ்விரு குற்றச்சாட்டுகளுக்கும் நடுவே நின்றவர் சாதாரண மக்கள். 1949இல் சுங்க உடன்பாடு முடிவுற்றதும், காரைக்காலைச் சுற்றி இந்தியச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. அனுமதிச் சீட்டும் சோதனையும் வந்தன. மகளைக் கொடுத்த ஊர் ஒருபுறமும் விளைநிலம் மறுபுறமுமாக வாழ்ந்தவர்கள், தங்கள் அன்றாடப் பிழைப்புக்காகக் கோட்டைக் கடந்தபோதெல்லாம் கடத்தல்காரராகவோ ஒற்றராகவோ ஐயுறப்பட்டனர். பென்யமீன் வாசல் மீண்டும் திறந்துகொண்டது. அரசாங்கங்களின் குறிப்புகளில் இவர்கள் பெயர் காணப்படுவதில்லை. காணப்படினும் குற்றவாளிப் பட்டியலிலேயே காணப்படுகிறது.

4. பெயர்கள் மாறிய விதம்

1954இல் நிலைமை விரைந்து மாறியது. மார்ச் 18ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் மேயர்களும் ஆலோசனை உறுப்பினர்களும், வாக்கெடுப்பின்றி உடனே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். காரைக்கால் நகராட்சிகளும் அவ்வழியைப் பின்பற்றின. நேற்றுவரை பிரெஞ்சு ஆட்சியின் தூணாக விளங்கிய குபேர், தம்மீது நிதி முறைகேடு பற்றிய விசாரணை நெருங்கிய வேளையில் அத்தரப்பைவிட்டு விலகி, மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்திய மூவர்ணக் கொடியை ஏற்றினார். இந்தியத் தரப்பு அவரைக் குண்டர்களின் புரவலர் என்று சொல்லிவந்தது. இப்போது அவர் விடுதலைத் தலைவரானார். அவரைத் தூணாகக் கொண்டிருந்த பிரெஞ்சு அரசுக்கோ அவர் துரோகியானார்.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்திய அரசிடம் வந்தது. 1956 மே 28ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி நிறைவுற்றது. 1963 ஜூலை 1ஆம் நாள் குபேர் புதுச்சேரியின் முதலமைச்சரானார். வீடு எரிக்கப்பட்ட சுப்பையா 1969இல் அமைச்சரானார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை இன்று குபேரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த 8 பேரை எவரும் இன்று நினைப்பதில்லை. அவர்கள் எதிர்த்தது தவறென்றே நாம் கருதலாம்; ஆயினும் கூடியிருந்த பெருந்திரளின் விருப்பத்திற்கு எதிராக வாக்களித்த அவர்களும் மனச்சாட்சியுடைய மனிதர்களே.

இவ்வரலாற்றுக்கு ஒரு பிற்சேர்க்கையும் உண்டு. 1979 ஜனவரியில், அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியை அண்டை மாநிலத்துடன் இணைக்கும் கருத்தை வெளியிட்டபோது, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவுடன் இணையப் போராடிய அதே மண், கால் நூற்றாண்டுக்குப்பின் தன் தனித்தன்மையைக் காக்கப் போராடியது. முந்தியதை விடுதலைப் போராட்டம் என்றும், பிந்தியதை வெறுங்கலவரம் என்றும் எழுதிவிடுவது எளிது. ஆனால் இரண்டிலும் மக்கள் கேட்டது ஒன்றே: எங்களைக் கேளாமல் எங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்காதீர்.

5. ஓர் அடக்க ஆராதனை

இங்கே என் சொந்த ஊழியத்திலிருந்து ஒன்றைக் கூற விரும்புகிறேன். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், காரைக்கால் எல்லையை ஒட்டிய கிராமச் சபை ஒன்றில் பணியாற்றினேன். சபையின் முதியவர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வாலிபத்தில் அவர் இணைப்பு ஊர்வலம் ஒன்றில் கொடி பிடித்துச் சென்று சில நாட்கள் காவலில் இருந்தவர். காவல் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே கலகக்காரர் என்று எழுதப்பட்டதாகவும், அதனாலேயே பின்னர் ஒரு வேலை கைநழுவியதாகவும் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். விடுதலைக்குப்பின் சான்றிதழ் கேட்டு அவர் எங்கும் போகவில்லை.

அடக்க ஆராதனைக்கு முன் அவர் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஐயா, ஜெயில் விஷயத்தைப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டாம், ஊரில் தப்பாக நினைப்பார்கள்" என்றனர். நான் இசைந்தேன். அவர் ஆலயத்திற்குத் தவறாமல் வந்ததையும், காணிக்கை கொடுத்ததையும், பேரப்பிள்ளைகளை வளர்த்ததையும் கூறி முடித்தேன். அன்று அது ஆயருக்குரிய பரிவு என்றே எண்ணினேன். ஆண்டுகள் பல கடந்தபின்னரே, அந்தப் பழைய ஏட்டின் சொல்லையே அம்மனிதரின் கல்லறைமீது நானும் மௌனமாக எழுதிவிட்டேன் என்பதை உணர்ந்தேன். அதை எழுதிய அரசாங்கம் அந்நாட்டைவிட்டுப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அதன் சொல்லோ சபையின் நடுவில் உயிரோடிருந்தது. அதற்கு உயிரளித்தவருள் நானும் ஒருவன்.

6. ஆயரின் கடமை

அரசாங்கத்தின் குற்றச்சாட்டுகள் யாவும் பொய் என்று இக்கட்டுரை கூறவில்லை. பரபாஸ் மெய்யாகவே கொலைசெய்தவன். ரோமர் 13ஆம் அதிகாரம் அதிகாரத்திற்குரிய இடத்தை நமக்குக் காட்டுகிறது. தீமையைத் தண்டிக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு. எதிர்ப்பு இயக்கம் என்பதனாலேயே ஓர் இயக்கம் தூய்மை பெற்றுவிடுவதுமில்லை. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் எல்லாத் தரப்பிலும் வன்முறை இருந்தது. நாம் வேண்டுவது இதுவே: குற்றச்சாட்டைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அது ஒரு சான்று. முதலாவதாக அது குற்றஞ்சாட்டுபவரின் அச்சத்தைப் பற்றிய சான்று. அதன் பின்னரே குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பற்றிய சான்று. ஹாசியஸின் குற்றச்சாட்டு சீகன்பால்கைக் காட்டிலும் ஹாசியஸை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலும் இப்பெயரைப் பலமுறை சுமந்தார். தெசலோனிக்கேயில் உலகத்தைக் கலக்குபவர்களுள் ஒருவராகக் கூறப்பட்டார். எருசலேமில் சேனாபதி அவரை ஓர் எகிப்தியக் கலகத்தலைவனோ என்று ஐயுற்றான். பெலிக்சின் முன் தெர்த்துல்லு அவரைக் கலகம் எழுப்புகிறவராகக் காட்டினான். ஆனால் சேனாபதி ஒரு நற்செயல் செய்தான். கேள்வி கேட்டான், விடை வந்தபோது தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, பவுலைப் பேச அனுமதித்தான். அந்தப் புறஜாதிப் போர்வீரன் செய்த அளவேனும் நாம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே இறையியல் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எளியதொரு பயிற்சி. நீங்கள் பணிசெய்யப்போகும் ஊரில் மூத்தவர்களிடம் அமர்ந்து, எவர்மீது எப்போது எந்தப் பெயர் சூட்டப்பட்டது என்று கேளுங்கள். சூட்டியவர் யார், அவர் எதற்கு அஞ்சினார், சூட்டப்பட்டவர் உண்மையில் எதைக் கேட்டார், அவருக்குப் பேச இடமளிக்கப்பட்டதா என்று உசாவுங்கள். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் எழுதுகிறோம். அப்பெயர்களுக்குப் பின்னிருக்கும் வாழ்வையும் எழுதிவைப்பது நம் பணியே. சிலுவையின்மேல் பிலாத்து எழுதிவைத்த குற்றப்பலகையையே திருச்சபை தன் ஆண்டவரின் மெய்யான பட்டமாக வாசித்தது. அவ்வாறு வாசிக்கக் கற்ற சபை, தன் நடுவிலிருக்கும் எளியவர்மீது எழுதப்பட்ட பலகைகளை மறுபடியும் வாசித்துப் பார்க்கத் தயங்கலாகாது.